ஜெனூபா சொன்ன பெயர்

முதல் கல் தகரத்தில் பட்டு உருண்ட சத்தத்தை, தேங்காய் விழுந்ததாகத்தான் ஹாஜறா நினைத்தாள். குசினிக்குள் நின்று மீன் அரிந்துகொண்டிருந்தாள். அடுத்த நொடியில் கல் மேல் கல்லாக விழத் தொடங்கியது. ஓடு நொறுங்கியது. கண்ணாடி உடைந்தது. நடுவில் அல்லாஹு அக்பர் என்று இளந்தாரிகளின் தக்பீர் முழக்கம் எழுந்தது. கையைக்கூடக் கழுவாமல் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடினாள்.

சத்தம் வந்தது சுபியானின் வீட்டு வளவிலிருந்து. கடல் பக்கமாக நாலு வீடு தள்ளி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே நபியின் புகழ் பாடும் மௌலித் ஓதுவார்கள் என்பது ஊருக்கே தெரியும். நபி பிறந்த றபீஉல் அவ்வல் மாதம் பிறந்தால் ஒவ்வொரு வருடமும் ஓதுவதுதான். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் கடலோரமாகக் கிடக்கும் அந்த ஊரில் ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் ஓதினார்கள். இப்போது ஓதுகிறவர்கள் கொஞ்சப்பேர்தான். இரண்டு நாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, மௌலித் கூடாது என்கிறவர்கள் புதிதாகக் கட்டிய மர்கஸ் பள்ளியில் வெளியூர் மௌலவி ஒருவர் பயான் உரை செய்திருந்தார். "இந்த ஊருல இன்னும் இருட்டு இருக்கு. எந்த வளவுல இருக்கு எண்டு உங்களுக்குத் தெரியும்" என்று சொன்னாராம். பெயர் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

ஹாஜறா போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மோட்டார் சைக்கிள்கள் அவளை உரசிக்கொண்டு பறந்தன. சிலர் முகத்தில் துணி கட்டியிருந்தார்கள். வளவுக்குள் சோற்றுக் கிடாரம் கவிழ்ந்து, நெய்ச்சோறு மணலோடு மணலாகக் கிடந்தது. ஓத வந்திருந்த வயதான ஆண்கள் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்கள். சுபியான் செருப்பில்லாத காலோடு மனைவியைத் தாங்கி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஜெனூபாவின் கண்ணை அழுத்தி மூடி ஒரு துவாய். அது வெள்ளைத் துவாயாக இருந்திருக்க வேண்டும்.

"ராத்தா!" என்று, கூடப்பிறந்த அக்காவைக் கூப்பிடுகிறமாதிரி ஹாஜறா கூப்பிட்டாள்.

ஜெனூபாவுக்குக் கேட்டதோ என்னவோ. சுபியானுக்குக் கேட்டது. ஹாஜறாவை ஒருமுறை பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருபது வருடத்துக்கு மேலான பழக்கத்தில் அந்த மனிதர் அப்படி ஒருநாளும் முகத்தைத் திருப்பியதில்லை. ஏன் திருப்பினார் என்பது ஹாஜறாவுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. விளங்காதமாதிரி நின்றாள்.

மகன் அஸ்கி லுஹர் பாங்குக்குச் சற்று முன்னால் வீட்டுக்கு வந்தான். நேரே பைப்படிக்குப் போய் வுழூச் செய்யத் தொடங்கினான். கையை மறுபடியும் மறுபடியும் கழுவினான்.

"நீயும் போனயா மனே?"

"தீமையக் கண்டா தடுக்கத்தானே வேணும் உம்மா."

"ஜெனும்மாட கண்ணுல பட்டிரிக்கு."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் பைப்பை மூடவில்லை. "நான் வெளிய கடப்படி வாசலிலதான் நிண்டன்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "அவவக் குறி வெச்சி ஆரும் எறியல்ல. வெளிய வராம உள்ளுக்கு இரிந்திருக்கலாமே" என்றான்.

அந்தக் கடைசிப் பேச்சுத்தான் ஹாஜறாவைச் சுட்டது. மகனுடைய வாயிலிருந்து வேறு யாரோ கதைக்கிறமாதிரி இருந்தது.

ஜெனூபா அவனுக்கு வெறும் அயல்வீட்டுக்காரி அல்ல. கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பரில் அஸ்கி ஒரு மாதத்துப் பிள்ளை. சேற்றுத் தண்ணீர் நெஞ்சுக்குள் போய் ஹாஜறா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். அதே காலையில் ஜெனூபாவின் கைக்குழந்தையைக் கடல் கொண்டுபோயிருந்தது. பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்த சனத்துக்கு நடுவே, பாலுக்கு வீறிட்டு அழுத அஸ்கியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டவள் ஜெனூபா. ஹாஜறா எழும்பி நடமாடும் வரைக்கும், அதற்குப் பிறகும், அவள்தான் பால் கொடுத்தாள். மார்க்கத்தின் கணக்கில் அவள் அவனுக்குத் தாய். பள்ளிக்கூடம் விட்டால் பையன் தன் வீட்டைத் தாண்டி அவளுடைய வீட்டுக்குத்தான் முதலில் ஓடுவான். "ஜெனும்மா" என்று தெருமுனையிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு போவான்.

மர்கஸுக்குப் போகத் தொடங்கிய பிறகு அந்தப் போக்குவரத்து குறைந்தது. பிறகு நின்றது.

பகல் சாப்பாட்டு நேரத்துக்கே ஹாஜறாவின் கணவன் அபுல் ஹஸன் அக்கரைப்பற்றிலிருந்து வந்துவிட்டார். அங்கே நெல் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறார். பொலிஸ் ஊருக்குள் வந்துவிட்டது, யாரோ போனில் வீடியோப் படம் எடுத்திருக்கிறார்கள் என்ற செய்தி அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. "ரெண்டு சாரன எடுத்துப் பையில வை" என்று மட்டும் சொன்னார். வரிப்பத்தான்சேனையில் ஹாஜறாவின் தம்பி றஊப் கல்யாணம் முடித்து அங்கேயே வெள்ளாமை செய்கிறான். அபுல் ஹஸன் அஸ்கியை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு உள்வீதியால் அங்கே புறப்பட்டார்.

"கொஞ்ச நாளைக்கி இவன் ஊருல இரிக்கப்படா. நீ ஆரோடயும் வாயத் திறக்காத புள்ள" என்று போகும்போது சொன்னார்.

வீடு வெறிச்சென்று கிடந்தது. ஹாஜறாவால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மடித்து வைத்த உடுப்பை எடுத்து உதறி மீண்டும் மடித்தாள். கூட்டிய வாசலைக் கூட்டினாள். அஸர் தொழுதுவிட்டுக் கையேந்தியபோது வார்த்தைகள் தாமாகவே வந்தன: யா அல்லாஹ், என்ட புள்ளயக் காப்பாத்து. பொலிஸ்ட கண்ணுல படாம வை. அந்தப் படத்துல அவன்ட முகம் விழுந்திருக்கப்படா. எங்கட மானத்தக் காப்பாத்து.

ஆமீன் சொல்லி முகத்தைத் தடவப் போனவள் அப்படியே நிறுத்தினாள். இவ்வளவு நேரம் கேட்டதில் ஜெனூபா எங்கே?

திரும்பவும் கையேந்தினாள். "ஜெனூபா ராத்தாட கண்ண..." என்று தொடங்கினாள். கைகளை இறக்கினாள். கேட்பதற்கு மனம் வராமல் இல்லை. கண் பிழைத்தால் வழக்கு லேசாகிவிடும் என்ற நினைப்பு அந்த வேண்டுதலுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வந்தது. அதைப் பிரித்தெடுக்க அவளால் முடியவில்லை. பாயைச் சுருட்டி வைத்தாள். விரித்தாள். மறுபடியும் சுருட்டினாள்.

அடுத்த நாள் காலையில், வாயைத் திறக்காதே என்று கணவன் சொல்லியிருந்தும், கல்முனைக்கு பஸ் ஏறினாள்.

கண் வார்ட்டில் ஜெனூபா சுவர்ப்பக்கக் கட்டிலில் கிடந்தாள். பாதி முகத்தைக் கட்டு மறைத்திருந்தது. மற்றக் கண் திறந்தபடி இருந்தது. சுபியான் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். ஹாஜறாவைக் கண்டதும் எழும்பி, சலாத்துக்குப் பதில் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

"இரி புள்ள" என்றாள் ஜெனூபா.

ஹாஜறா இருந்தாள். என்ன சொல்வது என்று பஸ் நெடுகிலும் கோத்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. ஜெனூபாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜெனூபா கையை இழுக்கவும் இல்லை, அழுத்திப் பிடிக்கவும் இல்லை.

"டொக்டர் என்ன சொல்ற ராத்தா?"

"பாப்பம் எண்டுற. பாக்கிறது அவர்தானே, நான் இல்லயே."

பக்கத்துக் கட்டில் பெண் சிரித்தாள். ஜெனூபா சிரிக்கவில்லை.

"பொலிஸ் வந்த. வாக்குமூலம் எடுத்த" என்றாள். "நான் பேர் சொன்னன்."

ஹாஜறாவின் கை அவளுடைய கையிலிருந்து நழுவியது. "ஆர்ட பேர ராத்தா?"

"அஸ்கிட பேர."

வார்ட்டில் யாரோ இருமினார்கள். மேலே காற்றாடி கரகரத்துச் சுற்றியது.

"சத்தம் கேட்டு நான் வாசலுக்கு வந்தன். கடப்படியில கூட்டமா நிண்டானுகள். நிறையப் பேருக்கு மூஞ்சியில துணி. அவனுக்கும்தான். துணி கட்டினா எனக்கு அவனத் தெரியாதா? அவன் நிக்கிற நிலை தெரியாதா எனக்கு? கையத் தூக்கினத்தக் கண்டன். அஸ்கி எண்டு கூப்பிட்டன். பொறகு ஒண்டும் தெரியா."

"ராத்தா, அவன் சின்னவன்..."

"இருவது வயசு."

"அவன்ட பேர மட்டும் ஏன் சொன்னீங்க? அவ்வளவு பேர் நிண்டாங்களே!"

குரல் தன்னை மீறி உயர்ந்துவிட்டதை ஹாஜறா உணர்ந்தாள். ஜெனூபா ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தாள்.

"மத்தவனுகள் ஆர்ட புள்ளயளோ, எனக்கென்ன தெரியும்? அவன் என்ட புள்ள. அவன்ட பேரச் சொல்ல எனக்கு உரிமை இரிக்கு." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். "நோகுது புள்ள. நீ போ. பொறகு வா."

திரும்பி வரும் பஸ்ஸில் ஹாஜறாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பால் கொடுத்தவள் காட்டிக்கொடுப்பாளா? இருபது வருடம் ஒரு கிணற்றுத் தண்ணீர் குடித்தோமே! மௌலித் ஓதுகிறோம், திக்ர் செய்கிறோம் என்று பெருமை பேசுகிறவர்களுக்கு மன்னிக்கத் தெரியாதா? இப்படியே நினைத்துக்கொண்டு இறங்கி, ஒழுங்கைக்குள் நடந்தவள், சுபியானின் வளவுக்கு முன்னால் தன்னை அறியாமல் நின்றாள். மணலில் கொட்டிய சோற்றைக் காகங்கள் இன்னும் கிளறிக்கொண்டிருந்தன. யாரும் கூட்டவில்லை. கூட்டுவதற்கு வீட்டில் ஆளில்லை. ஊரில் எத்தனையோ பெண்கள் இருந்தும் ஒருத்தியும் ஒரு விளக்குமாற்றோடு வரவில்லை.

அவளும்தான் வரவில்லை.

வளவுக்குள் போனாள். கொட்டிலில் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்துக் கூட்டத் தொடங்கினாள். சோற்றுக்குள் கற்கள் கிடந்தன. சில கைப்பிடி அளவு. ஒன்று தேங்காய் அளவு. ஒவ்வொன்றையும் எடுத்து வேலியோரம் வைக்கும்போது, எது எவனுடைய கையிலிருந்து வந்தது என்று பார்க்கிறவள்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பின்னேரம் ஜெஸீம் ஹாஜறாவின் வீட்டுக்கு வந்தான். மர்கஸில் இளைஞர்களுக்குத் தலைவன் அவன்தான். முப்பது வயதிருக்கும், மெதுவாகக் கதைக்கிறவன், பெண்களின் முகம் பார்த்துப் பேசாதவன். அபுல் ஹஸன் அவனை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். ஹாஜறா கதவுத் திரைக்குப் பின்னால் நின்றாள்.

"காக்கா, ஒண்டுக்கும் யோசிக்க வேணாம்" என்றான் ஜெஸீம். "சுபியான் காக்காவோட கதைக்க ஆள் அனுப்பியிருக்கம். முறைப்பாட்ட வாபஸ் வாங்கட்டும். இனி மௌலித் ஓதமாட்டன் எண்டு பள்ளியில நிண்டு பாவமன்னிப்புக் கேட்டுத் தௌபாச் செய்யட்டும். நாங்களும் மன்னிச்சிருவம்."

"நீங்க என்னத்த மன்னிக்கப் போறீங்க?" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஹாஜறா கேட்டாள்.

அபுல் ஹஸன் திரும்பி முறைத்தார். ஜெஸீம் பதறவில்லை. நிலத்தைப் பார்த்தபடியே சொன்னான்: "உம்மா, ஒங்கட கவலை எனக்கு விளங்குது. அஸ்கி அல்லாஹ்ட தீனுக்காகக் கஷ்டப்படுறார். இப்பிடி ஒரு புள்ளயப் பெத்தத்துக்கு நீங்க சந்தோஷப்படணும். ஊருல எத்தன புள்ளயள் போதைத் தூளுக்கும் போனுக்கும் அடிமையாகிக் கிடக்கு."

இந்த மாதிரி வார்த்தைகள் எவ்வளவு இனித்தன என்பது ஹாஜறாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மகன் தாடி வைத்தபோது, சுபஹுக்குத் தானாக எழும்பியபோது, டீவியைக் கழற்றச் சொன்னபோது, அயலில் உள்ள பெண்கள் "ஒங்கட மகனப் போல வருமா" என்று சொல்லும்போதெல்லாம் நெஞ்சு நிமிரும். போன வருட மௌலிதுக்கு ஜெனூபா வழக்கம்போலச் சோறு நிறைந்த பெரிய தட்டான சகனை மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். ஹாஜறா கடப்படியிலேயே மறித்து, "எங்கட வீட்டுல இப்ப இதத் திங்கிறல்ல ராத்தா" என்றாள். அதைச் சொன்னபோது நாக்கில் ஒரு ருசி இருந்தது. தான் ஒரு படி மேலே நிற்கிற ருசி. ஜெனூபா சகனைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். மகன் கல்லை எடுப்பதற்கு ஒரு வருடம் முந்தியே தான் எறிந்துவிட்டதாக ஹாஜறாவுக்குத் தோன்றியது.

ஜெஸீம் போன பிறகு அபுல் ஹஸன் சத்தம் போட்டார். அன்றும் அடுத்த நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தொழுகையில் நிற்பாள், எத்தனையாவது றக்அத் என்பது மறந்துபோகும். புதன்கிழமை காலையில் கணவன் கடைக்குப் போன கையோடு கதவைப் பூட்டிச் சாவியை அயல்வீட்டில் கொடுத்துவிட்டு, அக்கரைப்பற்றுக்குப் போய் அங்கிருந்து வரிப்பத்தான்சேனைக்கு பஸ் பிடித்தாள்.

சிறுபோக வெள்ளாமை வெட்டு நடந்துகொண்டிருந்தது. வயல் வட்டை முழுக்க வெட்டு மெஷினின் இரைச்சலும் வைக்கோல் தூசும். றஊப் வரம்பில் நின்றபடியே கையைக் காட்டினான். "வாடியில இரிக்கான் ராத்தா. திங்கிறானுமில்ல, கதைக்கிறானுமில்ல. நாள் முழுக்கப் போனத்தான் நோண்டுறான்."

வயல் காவலுக்குப் போட்ட ஓலைக் குடில்தான் வாடி. அஸ்கி பாயில் படுத்திருந்தான். உம்மாவைக் கண்டதும் எழும்பிக் குந்தினான். கண்கள் உள்ளே போயிருந்தன. சோற்றுப் பொதியை அவிழ்த்துக் கொடுத்தாள். பிசைந்துகொண்டிருந்தானே தவிர வாயில் வைக்கவில்லை.

"ஜெனும்மா எப்படி?" என்று கடைசியில் கேட்டான்.

"கண் போகும் போல இரிக்கு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறவன்போலச் சொன்னான்: "நான் அவவுக்காகத்தான் அழுறன் உம்மா. அவ செய்யிறது ஷிர்க், அல்லாஹ்வுக்கு இணை வைக்கிறது. கண் போனாலும் பரவால்ல, ஈமான் வந்தாப் போதும். தௌபாச் செஞ்சா அல்லாஹ் மன்னிப்பான்."

ஹாஜறாவின் கை ஓங்கியது. அடிக்கவில்லை. ஓங்கிய கையைப் பார்த்தாள், இறக்கினாள்.

"ஒனக்குப் பால் தந்த நாளையில அவ எந்தக் கூட்டம் எண்டு ஆரும் கேக்கல்ல மனே."

"அது வேற உம்மா."

"அவ ஒன்ட பேரப் பொலிசுக்குச் சொல்லியிரிக்கா."

அவன் நிமிர்ந்தான். முகத்தில் முதலில் வந்தது பயம். பிறகு கோபம். "பாத்தீங்களா! இதுதான் அவங்கட குணம். எத்தன பேர் நிண்ட! என்ட பேர மட்டும்..."

"நானும் இதத்தான் கேட்டன். என்ட புள்ளட பேரச் சொல்ல எனக்கு உரிமை இரிக்கு எண்டு சொன்னா."

அவன் சோற்றுப் பொதியை மூடி ஒரு பக்கம் வைத்தான்.

தூரத்தில் அஸர் பாங்கு கேட்டது. வாய்க்காலில் வுழூச் செய்துகொண்டு வந்தார்கள். அவன் முன்னால் நின்று தொழுவித்தான், அவள் பின்னால் நின்று தொழுதாள். சலாம் கொடுத்ததும், "துஆக் கேளு மனே, நான் கேட்டுக்கொண்டிரிக்கன்" என்றாள்.

"கூட்டு துஆ பித்அத் உம்மா, மார்க்கத்துல இல்லாத புதுசு. அவங்கவங்க தனியாத்தான் கேக்கணும்."

"சரி, தனியாக் கேளு. சத்தமாக் கேளு. நீ என்ன கேக்கிற எண்டு ஒன்னப் பெத்தவளுக்குத் தெரியணும்."

தயங்கினான். பிறகு கையேந்தினான். மர்கஸில் கேட்டுப் பழகிய நடை சரளமாக வந்தது. நேர்வழியில் எங்களை உறுதிப்படுத்து. சத்தியத்துக்காகச் சோதிக்கப்படும் எங்கள் சகோதரர்களுக்குப் பொறுமையைக் கொடு. வழிகெட்டவர்களுக்கு நேர்வழி காட்டு. என்னுடைய பால்தாய்க்கு ஹிதாயத்தைக் கொடு. எதிரிகளின் சூழ்ச்சியை முறியடி. குரல் ஏறிக்கொண்டே போனது. முடித்துவிட்டுக் காத்திருந்தான்.

பின்னாலிருந்து ஆமீன் வரவில்லை.

"உம்மா?"

"என்னால ஏலா மனே" என்றாள். "எல்லாரும் திருந்தணும் எண்டு கேட்ட. நீ திருந்தணும் எண்டு கேக்கல்ல. அவட கண் நோகுதே, அந்த நோவு ஒன்ட துஆவுல எங்கயும் இல்ல. அதக் கேக்க நான் ஒனக்குப் படிச்சித் தரல்ல. ஞாயித்துக்கிழமையில இருந்து என்ட துஆவும் இதே மாதிரித்தான் கிடக்கு. அதுக்கும் என்னால ஆமீன் சொல்ல ஏலாமக் கிடக்கு."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, மெஷின் இரைச்சலுக்கு நடுவே, யாரோ எதிரில் இருக்கிறவரோடு கதைக்கிறமாதிரிக் கேட்கத் தொடங்கினாள்.

"என்ட றப்பே, எனக்கு நல்லாக் கேக்கத் தெரியா. நாங்க நல்லவங்க எண்ட நினைப்ப எங்கட நெஞ்சில இரிந்து பிடுங்கி எடு. அது உள்ளுக்கு இரிக்கிற வரைக்கும் வேற ஒண்டும் உள்ள வராது போல இரிக்கு. ஜெனூபா ராத்தாட நோவ எங்களுக்கும் நோக வை. அவ எங்கள மன்னிக்கணும் எண்டு நான் கேக்கல்ல, அது அவட விருப்பம். அவக்கு முன்னால போய் நிக்கிற தைரியத்த மட்டும் எங்களுக்குத் தா. ஒன்ட பேரச் சொல்லிக் கல்லெடுத்த கைக்கு நடுக்கத்தக் குடு. ஒன்ட பேரச் சொல்லிச் சகனத் திருப்பி அனுப்பின கைக்கும் குடு. எங்கள சின்னவங்களாக்கு. இரக்கமுள்ளவங்களாக்கு. எங்களால தானா ஆக ஏலா."

அஸ்கி எழும்பி வெளியே போய்விட்டான்.

வாடி வாசலிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வரம்பு நெடுகிலும் நடந்தான். வெட்டி முடிந்த வயலுக்குள் இறங்கினான், ஏறினான், வாய்க்கால் கட்டில் இருந்தான், எழும்பினான். றஊப் ஏதோ கேட்டான், இவன் கையை உதறினான். கோபித்துக்கொண்டு வேறெங்காவது ஓடிவிடுவானோ என்று ஹாஜறா பயந்தாள். போய்ப் பிடித்து வரலாமா என்று இரண்டு தரம் செருப்பை மாட்டினாள். மாட்டியதைக் கழற்றினாள்.

வெயில் தாழ்ந்தபோது வந்தான். வாசற்படியில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான்.

"எறிஞ்சன் உம்மா" என்றான். "கடப்படியில சும்மா நிண்டன் எண்டது பொய். எல்லாரும் எறிஞ்ச. நானும் எறிஞ்சன். எறியக்குள்ளதான் அவ என்ட பேரச் சொல்லிக் கூப்பிட்ட. கல் கையை விட்டுப் போயிட்டு. எங்க பட்டதெண்டு எனக்குத் தெரியா. நான் பாக்கல்ல. ஓடிட்டன்." உள்ளங்கையை விரித்துக் குனிந்து பார்த்தான். "என்ட கல்லா, வேறொருத்தன்ட கல்லா எண்டு எனக்கு ஒருநாளும் தெரியப் போறல்ல."

அவள் அவனுடைய முதுகில் கையை வைத்தாள்.

வியாழக்கிழமை காலையில் றஊப்தான் இருவரையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனான். போகும் வழியில்தான் அபுல் ஹஸனுக்குப் போனில் சொன்னார்கள். அவர் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடிவந்தார். பொலிஸ் வாசலில் வைத்து மனைவியைப் பார்த்து, "என்ட புள்ளய நீயே கொண்டுவந்து குடுத்திட்டியே!" என்று எல்லோர் முன்னிலையிலும் கத்தினார். அஸ்கி உள்ளே போய், தான் எறிந்ததாகச் சொன்னான். மற்றவர்களின் பெயரைக் கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டிருந்தானாம். கடைசியில் வீடியோவில் தெரிந்தவர்களை அவர்களே பிடித்தார்கள். ஆனால் ஊர் அவன்தான் சொன்னதாக நம்பியது.

ஜெனூபாவின் கண் பிழைக்கவில்லை.

விளக்கமறியலிலிருந்து பிணையில் வந்தபோது அவன் மெலிந்திருந்தான். மர்கஸ் பையன்கள் அவனை முனாபிக், நயவஞ்சகன் என்றார்கள். ஜெஸீமும் பிடிபட்டுப் பிணையில் வந்திருந்தான். வழியில் கண்டால் சலாம் சொல்வதில்லை. வெளியூர் மௌலவியின் பேச்சு போன்களில் இன்னும் சுற்றுகிறது. அதே மர்கஸுக்கு இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் வாசல்வரை சனம். அபுல் ஹஸன் மாதக்கணக்காக ஹாஜறாவோடு தேவைக்கு மேல் ஒரு சொல் கதைக்கவில்லை. அதை அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஒருநாள், "ஜெனூபா ராத்தாவுக்கு மருந்தெடுக்கக் கல்முனைக்குப் போக வாகனம் வேணுமாம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு அவர்தான் நெல் ஏற்றுகிற வேனை அனுப்பினார்.

அஸ்கி பிணையில் வந்த மறுநாளே ஜெனூபாவின் வீட்டுக்குப் போனான். ஹாஜறாவும் கூடப் போனாள். சுபியான் கதவைத் திறந்தார். உள்ளே போகச் சொல்லவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஜெனூபா கட்டிலில் இருந்தாள். அஸ்கி அவளுடைய காலடியில் தரையில் இருந்தான். பிறகு ஜெனூபா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இருக்கிற கண்ணை அவன் பக்கம் கொண்டுவந்து பார்த்தாள்.

"மன்னிச்சன் எண்டு சொல்லலாம்" என்றாள். "சொன்னா ஒனக்கு லேசாகும். எனக்கு இன்னும் வரல்ல மனே. பொய் சொல்ல ஏலா. ஒன்னக் காணக்குள்ள ஒரு நேரம் புள்ளயாத் தெரியிற, ஒரு நேரம் கல்லாத் தெரியிற. எந்த நேரம் எது எண்டு எனக்கே தெரியா. நீ வா. வராம இரிக்காத. நான் போ எண்டா போ."

அன்றிலிருந்து அவன் ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு போகிறான். சில நாள் உடனே திரும்பி வருவான், முகத்தைப் பார்த்தாலே போ என்று சொல்லியிருக்கிறாள் என்பது தெரியும். சில நாள் சந்தைக்குப் போய் மீன் வாங்கிக் கொடுத்துவிட்டு வருவான். உடைந்த ஓடுகளைச் சுபியானோடு சேர்ந்து மாற்றினான், அந்த வேலை முழுக்க இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஒருநாள் சிரித்துக்கொண்டு வந்தான். ஏன் என்று கேட்டதற்கு, "ஜெனும்மா ஏசின உம்மா, நல்லா ஏசின" என்றான்.

ஹாஜறாவின் தொழுகை சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அந்த வயலில் கேட்ட துஆவைத்தான் இப்போதும் கேட்கிறாள். கேட்டு முடித்து எழும்பி, யாரோ ஒரு பெண் தலையை மூடாமல் வீதியால் போவதைக் கண்டால், நெஞ்சுக்குள் பழைய நிமிர்வு வந்து நிற்கும். மறுபடியும் பாயில் போய் இருப்பாள்.

நேற்று அஸருக்குப் பிறகு ஜெனூபாவின் வீட்டுக்குப் போன அஸ்கி மஃரிபு பாங்கு சொல்லியும் திரும்பவில்லை. உள்ளே இருத்தி வைத்திருக்கிறாளா, போ என்ற பிறகும் போக மனமில்லாமல் வேலியோரம் நிற்கிறானா என்பது தெரியவில்லை. ஹாஜறா தொழுதுவிட்டு வந்து பார்த்தாள், இல்லை. அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தாள். போனை எடுத்தாள், வைத்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஒழுங்கையில் இறங்கி, கடல் பக்கமாக, ஜெனூபாவின் வளவை நோக்கி வேகமாக நடந்தாள்.